மதாம்மா காட்டிய வெறும் செம்பு

ஆரியசாலை, திருவனந்தபுரம்
கொல்லம் 1109 ஆனி 9

அக்காள் முத்தாரம்மாளுக்குத் தம்பி பகவதிப்பெருமாள் எழுதுவது.

நான் முன்னமே சொன்னேன். போன பொங்கலுக்குத் தாழக்குடி வந்திருந்தபோது, உன் வீட்டு முற்றத்தில் வைத்து, திரவியம் அத்தான் காது கேட்கச் சொன்னேன்: உன் மகள் நாகலக்ஷ்மி திருவனந்தபுரம் வருவாள், மதாம்மாவிடம் இங்கிலீஷ் படிப்பாள், வாத்தியாரம்மா ஆவாள் என்று. அத்தான் வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சிரித்தார். இனி அவர் நன்றாகச் சிரிக்கட்டும். நேற்று நம் பெண்ணுக்கு வகுப்பில் இடம் கிடைத்துவிட்டது.

சந்தோஷத்தில் சுகம் விசாரிக்க மறந்துவிட்டேன். இங்கே நானும் சரஸ்வதியும் சுகம். மழை வருகிற விவரம் மட்டும் வானத்துக்கு முந்தி அவள் முழங்காலுக்குத் தெரிந்துவிடுகிறது. உன் இழுப்பு எப்படி? ஆடாதோடைக் கஷாயம் விடாமல் குடிக்கிறாயா?

பள்ளிக்கூடம் என்றால் நம் ஊர் ஓலைக் கொட்டகையை நினைத்துக்கொள்ளாதே. பாகன் ஏறிய யானை குனியாமல் போகலாம், அப்படி ஒரு கேட். உள்ளே உலக உருண்டை ஒன்று இருக்கிறது, சுசீந்திரம் தேர்ச் சக்கரம் அளவு. அடுத்த வீட்டு ராஜபாயும் இதே வகுப்பில் சேர்ந்திருக்கிறாள். கிறிஸ்தவ வேதக்காரர்கள், அப்பா சர்க்கார் கச்சேரியில் குமாஸ்தா, நல்ல மாதிரி. பிள்ளைகள் இரண்டு பேரையும் உள்ளே அனுப்பிவிட்டு நான் வெளியில் நின்றேன். தாய்மாமன் கூடவே ஒட்டிக்கொண்டு போனால் பிள்ளைக்குத் தைரியம் வராது பார்.

பெட்லி மதாம்மா என்று பெயர். கப்பலில் வந்து இறங்கி அதிக நாளாகவில்லை. தமிழும் தெரியாது, மலையாளமும் தெரியாது. அதுதான் வகுப்பின் விசேஷம். உள்ளே இங்கிலீஷ் தவிர வேறு பேச்சுக் கிடையாது. ஒரு பொருளைக் கையில் தூக்கிக் காட்டி மதாம்மா கேள்வி கேட்பாள், பிள்ளைகள் கண்டதைச் சொல்ல வேண்டும். பங்குனியில் வாய்மொழிப் பரீட்சை. அதில் தேறினால் உபாத்தியாயினிப் பயிற்சி, சாப்பாடும் தங்க இடமும் அவர்கள் பொறுப்பு. வீட்டில் நானும் சொல்லிக் கொடுக்கிறேன். ஃபோர்த் பாரம் இங்கிலீஷ் துருப்பிடித்தா போகும்?

பிள்ளையைப் பற்றி விசாரம் வேண்டாம். நான் இருக்கிறேன்.

தம்பி,
பகவதிப்பெருமாள்


தாழக்குடி
1109 ஆடி 2

தம்பி பெருமாளுக்கு அக்காளின் ஆசீர்வாதம்.

இங்கே எல்லாரும் ஒருவிதமாக இருக்கிறோம். இழுப்பு பகலில் இல்லை. சரஸ்வதியின் முழங்காலுக்குக் கொடுத்தனுப்பிய தைலத்தைச் சூடாக்கித் தேய்க்கச் சொல்லு.

உன் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். ஃபோர்த் பாரம் என்று எழுதியிருந்தாய். மூன்றாம் கிளாஸில் வாத்தியார் பிரம்பை எடுத்ததும் நீ மதில் ஏறிக் குதித்து வயல் வழியே ஓடி வந்தது எனக்கு மறக்கவில்லை. நாகுவிடம் நான் சொல்லவில்லை. அவளுக்கு உன்மேல் இருக்கிற மதிப்பு அப்படியே இருக்கட்டும்.

அத்தான் நேற்றும் அந்தப் பேச்சை எடுத்தார். பங்குனி வரைதான் பொறுப்பாராம். பெண் பரீட்சையில் தேறாவிட்டால் தோவாளை அழகியநம்பி பிள்ளைக்குக் கொடுத்துவிடுவதாம். அவருக்கு என் வயசிருக்கும் தம்பி. முதல் தாரம் போய் வருஷம் திரும்பவில்லை. மூத்த மகளுக்கு நம் நாகு வயசு. "வயலு இருக்கு, வீடு இருக்கு, பெறவு என்ன வேணும்?" என்கிறார். நாகுவின் அப்பா போன நாளிலிருந்து அவருடைய அண்ணனான அத்தான் வீட்டுச் சோற்றைத்தான் நானும் என் மகளும் சாப்பிடுகிறோம். எந்த வாயால் அவரோடு வாதாடுவேன்?

வாய்மொழிப் பரீட்சை என்று எழுதியிருக்கிறாயே, அதுதான் பயமாக இருக்கிறது. எழுதச் சொன்னால் அவள் எழுதிவிடுவாள். பெரியவர்களுக்கு முன்னால் அவளுக்குச் சத்தம் வராதே.

அக்காள்,
முத்தாரம்மாள்


ஆரியசாலை
1110 ஆவணி 20

அன்புள்ள அக்காளுக்கு,

ஓணம் நல்லபடியாகக் கழிந்தது. கடைத் தெருவில் கூட்டம் தாங்கவில்லை. முதலாளி என்னைக் கேட்காமல் ஒரு மூட்டை சுக்குக்கூட நகர்த்தவில்லை. நாங்கள் சுகம், நீங்களும் அப்படியே என்று நம்புகிறேன்.

வகுப்பில் ஒரு சின்னச் சங்கதி. நீ பயப்படாமல் வாசி.

போன வாரம் ராஜபாய் சிரித்துக்கொண்டே வந்து, "மாமா, உங்க மருமகளுக்குக் கண்ணுல கோளாறு உண்டா?" என்று கேட்டாள். விஷயம் இதுதான். பெட்லி மதாம்மா ஒரு பித்தளைச் செம்பை மேஜைமேல் வைத்தாளாம். வெறும் செம்பு. நாகுவை எழுப்பி, இதில் தண்ணீர் இருக்கிறதா என்று கேட்டாள். இல்லை மதாம் என்று சொல்ல வேண்டும், அதுதான் பாடம். நம் பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு, ஆமாம் மதாம், நிறைந்திருக்கிறது என்றாள். வகுப்பே சிரித்தது. மதாம்மா செம்பைக் கவிழ்த்துக் காட்டி, இப்போது என்று கேட்டாள். நிறைந்திருக்கிறது மதாம் என்று மறுபடியும் சொன்னாள். அப்புறம் சுண்ணாம்புக் கட்டியைக் காட்டி, இது பேனாவா என்றாள். அதற்கும் ஆமாம்.

எனக்குக் கேட்டதும் விளங்கிவிட்டது. நம் வீட்டில் அரிசிப் பானை காலியானால் 'அரிசி நிறைஞ்சிருக்கு' என்றுதானே சொல்லுவோம்? இல்லை என்ற சொல் அடுக்களையில் விழக்கூடாது, அதுவும் பெரியவர்கள் முகத்துக்கு நேரே விழவே கூடாது. மதாம்மா பேனா என்றால் நம் பிள்ளைக்கு அது பேனாதான். குருவை மறுத்துப் பேசுவாளா? இங்கிலீஷில் ஒரு பிழை கிடையாது என்று ராஜபாயே சொல்லுகிறாள்.

ஆனால் மதாம்மா வேறு விதமாக எடுத்துக்கொண்டாள். பிள்ளை மந்தம், அல்லது பரிகாசம் பண்ணுகிறாள் என்று நினைத்துக் கடைசி பெஞ்சுக்கு அனுப்பிவிட்டாள். ராஜபாய் எழுந்து விளக்கம் சொல்லப் பார்த்திருக்கிறாள். அவள் வாயால் அவளே சொல்லட்டும், இந்த வகுப்பில் ஒருவருக்காக இன்னொருவர் பேசக்கூடாது என்று மதாம்மா அடக்கிவிட்டாளாம்.

நாகுவைக் கூப்பிட்டுக் கேட்டேன். "வருது மாமா. தொண்டை வரைக்கும் வருது. அவங்க முகத்தப் பாத்ததும் திரும்பிப் போயிருது" என்றாள்.

ராஜபாயின் அப்பாவிடம் மதாம்மாவுக்கு ஒரு சீட்டு எழுதி வாங்கலாம் என்றாள் சரஸ்வதி. வீட்டிலேயே இங்கிலீஷ் தெரிந்த ஆள் இருக்கும்போது அடுத்த வீட்டில் போய் நிற்பதா என்றேன். "அந்த ஆள் யாராக்கும்?" என்று கேட்டுவிட்டு அவள் தோசை வார்க்கப் போய்விட்டாள். நாளைக்கே நான் நேரில் போய் மதாம்மாவிடம் பேசுகிறேன். இரண்டு வார்த்தையில் முடிகிற காரியம்.

தம்பி,
பெருமாள்


தாழக்குடி
1110 புரட்டாசி 6

தம்பிக்கு,

சுகமாக இருக்கிறாய் என்று நினைத்து எழுதுகிறேன். எனக்குத்தான் உன் கடிதம் வந்ததிலிருந்து உறக்கமில்லை.

நாகு ரொம்பச் சின்னப் பிள்ளையாக இருந்தபோது, வீட்டில் விருந்தாட்கள் பந்தியில் இருந்தார்கள். மோர் கொண்டுவரச் சொன்னேன். அடுக்களையிலிருந்து, "அம்மா, மோரு இல்ல" என்று எல்லாருக்கும் கேட்கும்படி சத்தம் போட்டாள். ஓடிப்போய் ஆப்பைக் காம்பால் வாயிலேயே அடித்தேன். உதடு வீங்கி அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை. அப்புறம் அந்தச் சொல் அவள் வாயிலிருந்து வந்து நான் கேட்டதில்லை. எவ்வளவு அடக்கமான பிள்ளை என்று ஊரே சொன்னது. நானும் பெருமைப்பட்டேன்.

அவளிடம் சொல்லு. அம்மா சொன்னதாகச் சொல்லு. இல்லை என்று சொல்லலாம். மதாம்மா முகத்தைப் பார்த்தே சொல்லலாம். பாவம் ஒன்றும் வராது. வந்தால் அது என்னைச் சேரட்டும்.

நாளைக்கே போகிறேன் என்று எழுதினாய், போனாயா? இங்கே வேதக்கோவிலில் இருக்கும் நேசையன் உபதேசியாரிடம் சொல்லி அழுதேன். அந்த மிஷன் மதாம்மாமாருக்கு எழுதிப் பழக்கமுள்ளவர். நம்முடைய வழக்கத்தை விவரித்துத் தானே இங்கிலீஷில் எழுதுகிறேன் என்கிறார். நீ பேசியாயிற்று என்றால் அவருக்குச் சிரமம் வேண்டாம். பேசவில்லை என்றால் அவரை எழுதச் சொல்லுகிறேன். எனக்கு அந்த ஒரு விவரம் போதும்.

அக்காள்


ஆரியசாலை
1110 ஐப்பசி 12

அன்புள்ள அக்காளுக்கு,

மறுமொழி தாமதமானதற்குக் கோபிக்காதே. துலா மாத மழையும் கோவில் ஆராட்டு விழாவும் சேர்ந்து வந்தால் கடைத் தெருவில் என் கதி என்னவென்று உனக்குத் தெரியாது. இங்கே எல்லாரும் சுகம். உன் உறக்கத்தை நீயே கெடுத்துக்கொண்டாய். நான் இருக்கிறேன் என்று எழுதினேனா இல்லையா?

போனேன். பேசினேன். முடித்தேன்.

பட்டுக்கரை வேஷ்டி, முதலாளி கொடுத்த அங்கவஸ்திரம், கையில் குடை. காவல்காரன் என்னைக் கண்டதும் கேட்டை முழுக்கத் திறந்துவிட்டான். மதாம்மா நாற்காலியிலிருந்து எழுந்தே நின்றாள். எனக்கும் ஒரு நாற்காலி போட்டாள், பிரம்பு பின்னியது, கை வைத்தது. பூப்போட்ட பீங்கானில் தேத்தண்ணீர் வந்தது. சர்க்கரை எவ்வளவு என்று கேட்டாள். உங்கள் இஷ்டம் என்றேன், இங்கிலீஷில்.

அப்புறம் நம் வழக்கத்தை எடுத்துச் சொன்னேன். அரிசிப் பானையிலிருந்து தொடங்கினேன். நாகு மந்தமில்லை, பரிகாசமும் இல்லை, மரியாதை என்றேன். நீ ஆப்பைக் காம்பால் அடித்ததைச் சொன்னபோது, அக்கா, அந்த மதாம்மா கைக்குட்டையை எடுத்துக் கண்ணை ஒற்றிக்கொண்டாள். அவர்கள் கண்ணீரும் நம் கண்ணீர் மாதிரிதான் இருக்கிறது. "மிஸ்டர் பெருமாள், இதை நீங்கள் முன்னமே வந்து சொல்லியிருக்கக் கூடாதா?" என்று கேட்டாள். இனி அந்தப் பிள்ளையிடம் வேறு விதமாகக் கேட்கிறேன், பரீட்சையிலும் கவனித்துக்கொள்கிறேன், முன் பெஞ்சில் உட்கார வைக்கிறேன் என்று வாக்குக் கொடுத்தாள். வாசல் வரை வந்து வழியனுப்பினாள்.

உபதேசியார் நல்ல மனிதர். அவருக்கு எதற்குச் சிரமம்? வேண்டாம் என்று சொல்லிவிடு. திரவியம் அத்தானிடமும் இனி நீ தலை நிமிர்ந்து பேசலாம்.

தம்பி,
பகவதிப்பெருமாள்


தாழக்குடி
1110 கார்த்திகை 1

என் தம்பி பெருமாளுக்கு,

நீ நன்றாக இருக்க வேண்டும். சரஸ்வதி நன்றாக இருக்க வேண்டும். உன் கடிதத்தை முத்தாரம்மன் கோவிலில் வைத்து எடுத்தேன். சின்ன வயசில் உன்னை வாயாடி என்று எத்தனை தரம் ஏசியிருப்பேன். அந்த வாய்தான் இன்றைக்கு என் பிள்ளையைக் காப்பாற்றியது.

உபதேசியாரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவருக்கும் மாற்றலாகிவிட்டது. போனக்காட்டில் தேயிலைத் தோட்டத்து ஆட்களுக்காக ஒரு சபை இருக்கிறதாம், இந்த வாரம் மலையேறுகிறார். தம்பியே நேரில் பேசியாயிற்று என்றதும், அதைவிட வேறென்ன வேண்டும் என்று சந்தோஷப்பட்டார்.

இன்னொன்று. போன வாரம் அழகியநம்பி பிள்ளையின் தங்கை பூவும் பழமும் கொண்டு வந்தாள். அத்தான் வீட்டில் இல்லை. நானே வாசலில் நின்று, "எங்க பிள்ளை வாத்தியாரம்மா ஆகப்போறா. நீங்க வேற எடம் பாருங்க" என்று சொல்லி, தட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அப்படி மறுத்துப் பேசி எனக்குப் பழக்கமில்லை. ஆனால் சொன்னேன். அத்தான் வந்து கேட்டுவிட்டு அப்படியே வெளியே போய்விட்டார். அன்றிலிருந்து என்னோடு பேச்சில்லை. பரவாயில்லை, பங்குனி வரைதானே.

உடம்பைப் பார்த்துக்கொள். எனக்கு இழுப்புக்கூடக் குறைந்த மாதிரி இருக்கிறது.

அக்காள்,
முத்தாரம்மாள்


ஆரியசாலை
1110 மார்கழி 12

அன்புள்ள அம்மாவுக்கு நாகலக்ஷ்மி நமஸ்காரத்துடன் எழுதுவது.

நான் சுகம். அத்தை எனக்குத் தினமும் தலை பின்னி விடுகிறார்கள். மாமா காலையில் என்னையும் ராஜபாயையும் கேட் வரை கொண்டு விடுகிறார்கள். நாங்கள் உள்ளே போன பிறகும் அங்கேயே வெகு நேரம் நிற்கிறார்கள். திரும்பிப் பார்த்தால் குடையை உயர்த்திக் காட்டுவார்கள்.

மதாம்மா நல்லவர்கள். எல்லாருடைய பெயரும் அவர்களுக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை விழிஞ்ஞம் கடற்கரைக்குப் போய்ப் பொறுக்கி வந்த சங்குகளை வகுப்பில் காட்டினார்கள். ஒவ்வொருவரிடமும் ஒரு கேள்வி கேட்டார்கள். கடைசி பெஞ்சு வரை சங்கு வந்தது, கேள்வி வரவில்லை. ஆவணிக்குப் பிறகு என்னை ஒன்றும் கேட்பதில்லை. எனக்குக் கஷ்டமாக இருக்கக் கூடாது என்றுதான் அப்படி என்று ராஜபாய் சொல்லுகிறாள்.

நீங்கள் சொல்லி அனுப்பியதை மாமா சொன்னார்கள். தினமும் கிணற்றடியில் நின்று சொல்லிப் பார்க்கிறேன். அங்கே நன்றாக வருகிறது. துவைகல்லைப் பார்த்து, நீ துவைகல் இல்லை என்றுகூட இங்கிலீஷில் சொன்னேன். அத்தை சிரித்தார்கள்.

மாமா மதாம்மாவிடம் பேசியதைப் பற்றி மதாம்மா என்னிடம் எதுவும் சொல்லவில்லை. வேலையில் மறந்திருப்பார்கள். நான் எப்படிக் கேட்பது? மாமாவை இதற்காக நீங்கள் ஒன்றும் கேட்க வேண்டாம், அம்மா. என்மேல் ரொம்பப் பிரியமாக இருக்கிறார்கள்.

பெரியப்பாவுக்கு என் நமஸ்காரம்.

மகள்,
நாகலக்ஷ்மி


தாழக்குடி
1110 தை 4

தம்பிக்கு,

பொங்கல் வந்து போயிற்று. நீ வரவில்லை, கடிதமும் இல்லை. எல்லாரும் சுகம்தானே?

நாகு எழுதியிருக்கிறாள். இன்னும் கடைசி பெஞ்சில்தானாம். மதாம்மா கேள்வியே கேட்பதில்லையாம். உன்னைக் கேட்க வேண்டாம் என்றும் எழுதியிருக்கிறாள். கேட்காமல் எப்படி இருப்பேன்? வாக்குக் கொடுத்தவள் ஏன் இப்படிச் செய்கிறாள்? இன்னொரு தரம் போ. உனக்கு நாற்காலி போட்டவள்தானே, போனால் மாட்டேன் என்றா சொல்லுவாள்? நீ போகிற நாளை எனக்கு எழுது, நான் அன்றைக்கு விரதம் இருக்கிறேன்.

அக்காள்


ஆரியசாலை
1110 மாசி 18

அன்புள்ள அக்காளுக்கு,

உன் கடிதம் வந்தது. சரஸ்வதிக்கு முழங்கால் வீங்கி ஒரு மாதம் படுக்கை. இப்போது சுவரைப் பிடித்து நடக்கிறாள். அதனால்தான் எழுத முடியவில்லை.

இங்கே ஊரெல்லாம் புது மோட்டார் பஸ் பேச்சு. வடக்கே போகிற ஒரு வண்டியின் சொந்தக்காரர், எந்த இடத்தில் நிறுத்தலாம் என்று என்னிடம்தான் யோசனை கேட்டார். மிளகு விலை இறங்கிக் கிடக்கிறது. பங்குனியில் ஏறும் என்று முதலாளியிடம் சொல்லியிருக்கிறேன், பார்.

மதாம்மா விஷயம், அவர்கள் நாட்டு முறையே அப்படித்தான். மனசுக்குள் வைத்துக்கொண்டு வெளியில் காட்ட மாட்டார்கள். அடிக்கடி போய்ச் சொன்னால் அவர்களுக்கு மரியாதைக் குறைவு. நாகு தைரியமாக இருக்கிறாள். விரதமெல்லாம் இருக்காதே, உன் உடம்புக்கு ஆகாது.

தம்பி,
பெருமாள்


ஆரியசாலை
1110 பங்குனி 22

அக்காளுக்கு,

உடம்பெல்லாம் சுகம்தான். இந்தக் கடிதத்தை உட்கார்ந்துகொண்டு வாசி.

நேற்றுப் பரீட்சை. ஒவ்வொருவராக உள்ளே கூப்பிட்டாள் மதாம்மா. அடுத்த முறை ராஜபாயுடையது, அதனால் அவள் கதவருகில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். நான் எழுதுவது அவள் சொன்னது, கூட்டவும் இல்லை குறைக்கவும் இல்லை.

மேஜைமேல் செம்பு, கடிகாரம், பழம் எல்லாம் இருந்தன. நாகு போய் நின்றதும் மதாம்மா அவற்றை ஒரு பக்கமாக ஒதுக்கி வைத்துவிட்டாள். பிள்ளையைக் கிட்டே கூப்பிட்டாள். தோளில் கை வைத்தாள். மிருதுவாகத்தான் பேசினாளாம். நீ இங்கே சந்தோஷமாக இல்லை, நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன், உன் அம்மாவிடம் திரும்பிப் போக உனக்கு விருப்பமா, குழந்தை என்று கேட்டாள்.

ஆமாம் மதாம் என்றாள் நாகு.

ராஜபாய்க்கு உள்ளே ஓடிப் போய்க் கத்தலாமா என்று இருந்ததாம். அந்த வகுப்பில் ஒருவருக்காக இன்னொருவர் பேசக்கூடாதே. மதாம்மா பெருமூச்சு விட்டு, தலையைத் தடவிக் கொடுத்து, பெண் தானே விரும்பி விலகுகிறாள் என்று எழுதிக்கொண்டாள். மார்பில் சேர்த்து அணைத்து அனுப்பினாள். ராஜபாய் தேறிவிட்டாள். அவர்கள் வீட்டில் கொடுத்த பாயசம் இங்கே மூடி வைத்தபடி இருக்கிறது.

நான் கேட்டில் நின்றுகொண்டிருந்தேன். பிள்ளையை வீட்டுக்குக் கூட்டி வந்தேன். வீட்டுப் படி ஏறும்போது, "அவங்க அன்பா கேட்டாங்க மாமா. அன்பா கேக்கும்போது எப்பிடி மாட்டேன்னு சொல்ல?" என்றாள். சரஸ்வதி அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். என்னை ஒரு பார்வை பார்த்தாள். எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

புதன்கிழமை நானே கூட்டிக்கொண்டு வந்து விடுகிறேன். பஸ்ஸில் முன் இடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

பெருமாள்


தாழக்குடி
1110 சித்திரை 15

தம்பி பகவதிப்பெருமாளுக்கு,

பிள்ளையைக் கொண்டு விட்டுவிட்டு ஒரு வாய்த் தண்ணீர் குடிக்காமல் அதே வண்டியில் திரும்பிவிட்டாய். உன் உடம்புக்கு என்ன என்று கேட்கக்கூட முடியவில்லை.

வைகாசி ஏழாம் தேதி முகூர்த்தம். தோவாளையில்தான். கார்த்திகையில் நான் தட்டைத் திருப்பிய குற்றத்துக்கு அழகியநம்பி பிள்ளையின் தங்கை காலில் விழச் சொன்னார் அத்தான். விழுந்தேன். என் பிள்ளை தூணைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். தாய்மாமன் கோடி எடுத்துக்கொண்டு நீயும் சரஸ்வதியும் முந்தின நாளே வந்துவிடுங்கள்.

எனக்கு உன்மேல் வருத்தமில்லை. நீ செய்ய வேண்டியதைச் செய்தாய். அத்தான்மேலும் இல்லை, அவர் சொன்ன தவணைதான் இது. அந்த மதாம்மாவை மட்டும் என்னால் பொறுக்க முடியவில்லை. ஒன்றும் தெரியாமல் கேட்டிருந்தால், தெரியாத நாட்டுக்காரி என்று விட்டுவிடுவேன். நீ நேரில் போய் எல்லாவற்றையும் விவரித்திருக்கிறாய். கண்ணீர் விட்டாள் என்று எழுதினாய். என் பிள்ளைக்கு மறுக்க வாய் வராது என்று தெரிந்துகொண்டே அந்தக் கேள்வியைக் கேட்டாளே, அவளும் ஒரு பெண்பிள்ளையா? விளக்கேற்றும்போதெல்லாம் அவளைச் சபிக்கிறேன். அவள் வயிறு எரிய வேண்டும், அவளுக்கு அவள் தேசம் திரும்பக் கொடுத்து வைக்கக் கூடாது என்று வாய்விட்டுச் சொல்லுகிறேன். நாகு காதைப் பொத்திக்கொள்கிறாள்.

அக்காள்,
முத்தாரம்மாள்


ஆரியசாலை
1110 சித்திரை 21

அக்காளுக்கு,

சரஸ்வதி சுகம். நானும் சுகம். கோடி எடுத்துவிட்டேன், மாம்பழக் கலர்ப் பட்டுச் சேலை, அரக்குக் கரை. சாலைத் தெருவில் அதைப் போல் இன்னொன்று கிடையாது என்று கடைக்காரன் சத்தியம் பண்ணினான். நாகுவுக்கு நன்றாக இருக்கும். பாத்திரங்களும் வாங்குகிறோம். முந்தின நாளே வருகிறோம்.

மதாம்மாவைச் சபிக்காதே. விளக்குக்கு முன்னால் சொல்லாதே.

இரண்டு நாளாக இந்த இடத்தில் பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். என்னென்னவோ எழுதிப் பார்த்தேன். அவளுக்கு ஞாபக மறதி என்று எழுதினேன், காய்ச்சலில் கிடந்தாள் என்று எழுதினேன். நன்றாகவே வந்தது. கிழித்துப் போட்டுவிட்டேன்.

புரட்டாசியில் ஒரு நாள் போனேன். பட்டுக்கரை வேஷ்டி கட்டியது நிஜம். கடையிலிருந்து நடக்கும்போது இங்கிலீஷில் முழுக்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். காவல்காரன், "எந்தா காரியம்?" என்று மலையாளத்தில்தான் கேட்டான். காரியத்தை அவனிடம் மலையாளத்தில் சொல்லியிருந்தால் உள்ளே யாராவது எடுத்துச் சொல்லியிருப்பார்கள். நான் மதாம்மாவிடம் இங்கிலீஷில்தான் பேச வேண்டும் என்று நின்றேன். அந்த நேரம் பார்த்து அவள் வராந்தாவில் வந்தாள். வெயிலுக்குக் கையை நெற்றியில் வைத்து என்னைப் பார்த்தாள். என் வாயில் ஒரு வார்த்தை இல்லை. சும்மா இந்தப் பக்கம் வந்தேன் என்று காவல்காரனிடம் சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டேன். அப்புறம் தினமும் அங்கேதான் நின்றேன். இன்றைக்குப் போய்விடுவேன் என்று தினமும் நினைத்தேன்.

பிரம்பு நாற்காலியும் தேத்தண்ணீரும் கைக்குட்டையும் நான் எழுதினது. மதாம்மாவிடம் யாரும் ஒன்றும் சொல்லவில்லை, அக்கா.

பெருமாள்